நெட்வொர்க் அரைகுறையாக இருக்கும்போது ஃபைல் சிஸ்டம் என்ன செய்ய வேண்டும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் ஃபைல் சர்வரை என்எஃப்எஸ் (வேறொரு கணினியின் ஃபைல்களை நெட்வொர்க்கில் தரும் முறை) வழியாக லேப்டாப்பில் மவுண்ட் செய்து, அதாவது சொந்த ஃபோல்டர் போலத் தெரியும்படி இணைத்து, வைத்திருக்கிறீர்கள். வெளியே போனால் மொபைல் ஹாட்ஸ்பாட்தான். சிக்னல் வந்து வந்து போகிறது. எடிட்டர் உறைந்து நிற்கிறது, ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ் கமாண்டை அடித்தால் பதிலே இல்லை, அந்த ஃபோல்டரோடு சம்பந்தமில்லாத புரோகிராம்கூடச் சில நேரம் தொங்குகிறது. "இதைத் தாங்குகிற மாதிரி ஒரு ஃபைல் சிஸ்டம் எழுதவே முடியாதா? இதுவரை யாரும் முயலவில்லையா?" என்று கேட்கிறீர்கள்.

முயன்றார்கள், எழுதியும் காட்டினார்கள். 1990களின் நடுவிலேயே, 9.6 கிலோபிட் மோடத்தில், இன்றைய பல கிளவுட் டிரைவ்களைவிட நாகரிகமாக நடந்துகொண்ட ஒரு ஃபைல் சிஸ்டம் இருந்தது. அதன் பெயர் கோடா. அதைப் பிடித்துக்கொண்டே பதில் சொல்கிறேன். இந்தத் துறையில் இன்று நாம் சாதாரணமாகப் பார்க்கும் பல வசதிகளுக்கு முன்மாதிரி அங்கே இருக்கிறது.

முதலில், என்எஃப்எஸ் ஏன் உறைகிறது? 1980களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை உருவாக்கியபோது அதன் உலகம் ஒரு கட்டடத்துக்குள் ஓடும் ஈதர்நெட். அங்கே சர்வர் பதில் தராவிட்டால் பெரும்பாலும் சர்வர் விழுந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் யாராவது அதை எழுப்பிவிடுவார்கள். அதனால் பதில் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்படி கிளையண்டை, அதாவது பயனர் கணினியில் ஓடும் பகுதியை, எழுதினார்கள். ஹார்ட் மவுண்ட் என்பது அதுதான். மேலே ஓடும் புரோகிராமைப் பொறுத்தவரை ஒரு ரீட் கால் (ஃபைலைப் படிக்கக் கேட்கும் கோரிக்கை) கொஞ்சம் தாமதமாகிறது, அவ்வளவே. அந்தக் "கொஞ்சம்" நாற்பது நிமிடமாகவும் இருக்கலாம். சம்பந்தமில்லாத புரோகிராம் தொங்குவதற்கும் காரணம் சுலபம்: டிஸ்க்கில் மிச்ச இடம் காட்டும் டிஎஃப் போன்ற கமாண்டுகளும் சில ஃபைல் திறக்கும் டயலாக்குகளும் இருக்கிற மவுண்ட் பாயிண்ட்களை எல்லாம் ஒருமுறை தொட்டுப் பார்க்கும். சாஃப்ட் மவுண்ட் போட்டால் தொங்காது, குறிப்பிட்ட நேரம் கழித்துப் பிழையைத் திருப்பிவிடும். ஆனால் ரைட் தோற்றதை ஒழுங்காகக் கவனித்துச் சொல்கிற புரோகிராம்கள் குறைவு. பாதி எழுதிய ஃபைலை வைத்துக்கொண்டு சேமித்தாயிற்று என்று சொல்லிவிடும். தொலைப்பதைவிடத் தொங்குவது மேல் என்பதால்தான் இயல்பாக ஹார்ட் மவுண்டே வருகிறது.

ஆக, டைம்அவுட் எண்ணை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. ஃபைலைச் சேமிப்பதும் அதை சர்வருக்கு அனுப்புவதும் ஒரே வேலை என்று அந்த வடிவமைப்பு நினைக்கிறது. அதைப் பிரிக்க வேண்டும்.

பாதிப் பிரிவினையைக் கோடாவுக்கு முன்பே ஏஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் செய்துவிட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் சேர்ந்து 1980களில் எழுதியது. ஆயிரக்கணக்கான வொர்க்ஸ்டேஷன்கள் சில சர்வர்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. லேப்டாப் யார் மனதிலும் இல்லை. சர்வரின் சுமையைக் குறைக்க, ஓப்பன் செய்யும்போது முழு ஃபைலையும் லோக்கல் டிஸ்க்குக்கு இறக்கிவிட்டார்கள், குளோஸ் செய்யும்போது மாறியிருந்தால் திருப்பி அனுப்பினார்கள். நடுவில் எத்தனை ரீட், எத்தனை ரைட் செய்தாலும் நெட்வொர்க்குக்கு வேலை இல்லை. "இந்த ஃபைலை வேறு யாராவது மாற்றினால் நானே உனக்குச் சொல்கிறேன்" என்று சர்வர் ஒரு வாக்குக் கொடுக்கும். அதற்குக் கால்பேக் என்று பெயர். வாக்கு முறியாதவரை கிளையண்ட் தன் கேச் பிரதியை (லோக்கலில் இறக்கி வைத்த நகலை) யாரையும் கேட்காமல் பயன்படுத்தலாம்.

மகாதேவ் சத்தியநாராயணன் ஏஎஃப்எஸ் குழுவில் இருந்தவர். அதற்கு முன் சென்னை ஐஐடியில் படித்துவிட்டுக் கார்னகி மெலனுக்குப் போனவர். ஃபைல் ஏற்கெனவே லோக்கல் டிஸ்க்கில் இருக்கிறது, சர்வர் கிடைக்காவிட்டால் அதை வைத்தே ஏன் வேலை செய்யக் கூடாது என்பதுதான் 1987-இல் அவர் தொடங்கிய கோடாவின் அடிப்படை. அவரும் ஜேம்ஸ் கிஸ்ட்லரும் எழுதி 1991-இல் எஸ்ஓஎஸ்பி என்ற இயங்குதள ஆய்வு மாநாட்டில் வந்த கட்டுரை, துண்டித்த நிலையிலும் வேலை செய்வது என்ற எண்ணத்தை ஓடும் மென்பொருளாகவே காட்டியது.

இதில் ஒரு துணிச்சல் இருக்கிறது. சர்வரைக் கேட்காமல் எழுதவிட்டால் இரண்டு பேர் ஒரே ஃபைலை இரண்டு விதமாக மாற்றிவிட மாட்டார்களா? பூட்டு போட்டுத் தடுக்கலாம். ஆனால் பூட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் லேப்டாப்போடு ஊருக்குப் போய்விட்டால் மற்றவர்கள் அவர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கோடா குழு வாதாடிக்கொண்டிருக்காமல் அளந்து பார்த்தது. தங்கள் ஏஎஃப்எஸ் சர்வர்களை ஓராண்டு கவனித்தார்கள். நடந்த மாற்றங்களில் 99 சதவீதத்துக்கு மேல், அந்த ஃபைலைக் கடைசியாக மாற்றிய அதே ஆள் செய்தவை. இரண்டு வெவ்வேறு ஆட்கள் ஒரு நாளுக்குள் ஒரே ஃபைலை மாற்றும் வாய்ப்பு அதிகபட்சம் 0.75 சதவீதம். சரி, மோதல் அபூர்வம், வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரையும் எழுதவிட்டார்கள்.

இந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து எல்லா இடத்திலும் பொருத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். அது யூனிக்ஸில் வேலை செய்யும் பல்கலைக்கழக ஆட்களின் பழக்கம். அவரவர் ஆய்வுக் கட்டுரை, அவரவர் சோர்ஸ் கோட். உங்கள் ஆபீஸில் ஐந்து பேர் சேர்ந்து நிரப்புகிற ஒரு ஸ்டாக் ஷீட் இருந்தால் அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த ஷீட்டுக்கு ஃபைல் சிஸ்டமே சரியான கருவி இல்லை, டேட்டாபேஸ் வேண்டும்.

கோடாவில் சேவ் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். கிளையண்டில் வீனஸ் என்ற புரோகிராம் ஓடுகிறது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அதனிடம் ஃபைலைக் கேட்கும், வீனஸ் லோக்கல் டிஸ்க்கில் உள்ள கேச் ஃபைலைக் காட்டிவிடும். நெட்வொர்க் இல்லாதபோது நீங்கள் எழுதி மூடினால், "இந்த ஃபைல் புதிதாகச் சேமிக்கப்பட்டது" என்று ஒரு லாக்கில் (நடந்ததை வரிசையாகக் குறிக்கும் பதிவேட்டில்) ஒரு வரி சேரும். லாக்கில் உள்ளடக்கம் இல்லை, கேச் பிரதியைக் காட்டும் குறிப்பு மட்டுமே. ஃபோல்டர் உருவாக்கினால் ஒரு வரி, பெயர் மாற்றினால் ஒரு வரி. நடுவில் பேட்டரி தீர்ந்தாலும் லாக் சிதையாமல் இருக்க, அதை டிரான்சாக்ஷன் வசதியுள்ள (ஒரு மாற்றம் முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் நடக்கவே நடக்காது) நினைவகத்தில் வைத்தார்கள்.

அழகு எங்கே என்றால், இந்த லாக் தானாகச் சுருங்கும். ஒரே ஃபைலை இருபது முறை சேமித்தால் கடைசிச் சேமிப்பு மட்டுமே மிஞ்சும், முந்தைய பத்தொன்பது வரிகளும் நீங்கும். சோர்ஸ் கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் கம்பைலர் ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கி, எழுதி, அழித்தால் மூன்று வரிகளுமே காணாமல் போகும். சர்வருக்கு அந்த ஃபைல் இருந்ததே தெரியாது. நெட்வொர்க் திரும்பி வந்ததும் மிஞ்சிய லாக்கை சர்வரிடம் கொடுத்து ஒரே டிரான்சாக்ஷனாக மீண்டும் ஓட்டுவார்கள். ஒரு சாதாரண வேலைநாள் முழுக்கத் துண்டித்திருந்தால் சேர்ப்பதற்குச் சுமார் ஒரு நிமிடம், கிளையண்டுக்கு 100 எம்பி டிஸ்க் போதும் என்று அந்தக் கட்டுரை சொல்கிறது. அன்றைக்கு 100 எம்பி என்பது லேப்டாப்பின் முழு டிஸ்க்.

அதனாலேயே எதை உள்ளே வைப்பது என்பது பெரிய கேள்வி. உங்களுக்கு என்ன தேவைப்படும் என்பது உங்களுக்கே தெரியாது. ஆவணத்தைக் கேட்டால் சொல்வீர்கள். அதைத் திறக்க வேண்டிய ஃபான்ட், லைப்ரரி, ஷெல் தொடங்கும்போது படிக்கும் ஸ்கிரிப்ட் எல்லாம் யாருக்கு நினைவிருக்கும்? கோடாவில் முக்கியமான ஃபைல்களுக்கு முன்னுரிமை எண் கொடுத்துப் பட்டியல் எழுதலாம். "இப்போதிலிருந்து நான் என்னென்ன ஃபைலைத் தொடுகிறேன் என்று பார்த்துக் குறித்துக்கொள்" என்று வேவு பார்க்கச் சொல்லவும் ஒரு கருவி இருந்தது. வீனஸ் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பட்டியலைச் சுற்றிவந்து கேச்சைச் சரிபார்க்கும். இன்று ஒன்டிரைவில் ஒரு ஃபோல்டரை வலது கிளிக் செய்து எப்போதும் இந்தக் கருவியிலேயே வைத்திரு என்று சொல்கிறீர்களே, அது இதன் வாரிசுதான், கொஞ்சம் மட்டுப்பட்ட வாரிசு. பயனரைக் கேட்காமலேயே, எந்த ஃபைல்கள் ஒன்றாகத் திறக்கப்படுகின்றன என்பதை வைத்து புராஜெக்ட் வாரியாகத் தொகுத்து எடுத்துவைக்கும் சியர் என்ற முறை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலிருந்து 1997-இல் வந்தது. அது ஏன் பரவலாகவில்லை என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. டிஸ்க் விலை குறைந்ததுதான் காரணமாக இருக்கும்.

இதுவரை சொன்னது நெட்வொர்க் சுத்தமாக இல்லாத நிலை. உண்மையைச் சொன்னால் அது சுலபமான கேஸ். உங்கள் பிரச்சினை அதுவல்ல. கரண்ட் போனால் மெழுகுவத்தி ஏற்றிக்கொள்ளலாம், லோ வோல்டேஜில்தான் மோட்டார் எரியும். உங்கள் ஹாட்ஸ்பாட் லோ வோல்டேஜ்: இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இருக்கிறது, வேலைக்கு ஆகும் அளவுக்கு இல்லை. இணைந்திருக்கிறோம் என்று நம்பும் மென்பொருள் இணைந்திருப்பவனுக்குரிய எல்லா வேலைகளையும் அந்த மெல்லிய கம்பியில் திணிக்கும்.

கோடா குழுவுக்கும் இது போன் லைனில் மோடம் போட்டபோதுதான் உறைத்தது. லில்லி மம்மர்ட், மரியா எப்ளிங், சத்தியநாராயணன் மூவரும் 1995-இல் எழுதிய கட்டுரைதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். அவர்கள் முதலில் செய்தது, பலவீனமான இணைப்பை இணைப்பு என்று எண்ணுவதை நிறுத்தியது. எழுதுவதைப் பொறுத்தவரை துண்டித்த மாதிரியே நடந்துகொள், எல்லாம் லாக்குக்குப் போகட்டும், பின்னணியில் சொட்டுச் சொட்டாக அனுப்பு.

சொட்டுவதிலும் கணக்கு உண்டு. ஒரு மாற்றம் லாக்கில் 600 விநாடி ஊறிய பிறகுதான் அனுப்பத் தகுதி பெறும். உடனே அனுப்பினால் லாக் சுருங்கும் நன்மை போய்விடும். அடுத்த நிமிடம் அழியப்போகிற ஃபைலுக்காக மோடத்தை அடைத்துக்கொண்டிருப்போம். தகுதி பெற்றவற்றையும் மொத்தமாகத் தள்ளுவதில்லை, சுமார் 30 விநாடியில் போகக்கூடிய அளவுக்கு வெட்டி அனுப்பும். 9.6 கிலோபிட்டில் விநாடிக்கு 1,200 பைட், ஆக ஒரு வெட்டு 36 கேபி. 64 கிலோபிட்டில் 240 கேபி. நடுவில் நீங்கள் ஒரு ஃபைலைத் திறந்தால் அதிகபட்சம் அரை நிமிடத்தில் லைன் உங்களுக்குக் கிடைக்கும். பெரிய ஃபைலைத் துண்டு துண்டாக அனுப்பும்போது இணைப்பு அறுந்தால் கடைசியாகச் சேர்ந்த துண்டிலிருந்து தொடரும். ஆனால் முழுதும் வந்து சேரும்வரை சர்வர் அதை வெளியே காட்டாது. பாதி ஃபைலை இன்னொருவர் திறக்கும் விபத்து இல்லை. இதற்கெல்லாம் விலை உண்டுதான். உங்கள் மாற்றம் மற்றவர்களுக்குப் பத்து நிமிடமாவது தாமதமாகத்தான் தெரியும், அதற்குள் லேப்டாப் தொலைந்தால் அந்த வேலையும் தொலைந்தது. உடனே அனுப்பு என்று கட்டாயப்படுத்த வழி வைத்திருந்தார்கள்.

அடுத்தது, இணைப்பு திரும்பிய நொடி. கேச்சில் சில ஆயிரம் ஃபைல்கள். கால்பேக் வாக்குகள் எல்லாம் இணைப்பு போனதோடு செல்லாதவை. ஒவ்வொன்றாக "இது இன்னும் பழையபடிதானே?" என்று மோடம் வழியாகக் கேட்டால் கேட்டு முடிப்பதற்குள் மறுபடி இணைப்பு போய்விடும். அவர்கள் வால்யூம் என்ற பெரிய ஃபோல்டர் கிளைக்கே ஒரு பதிப்பு எண் கொடுத்தார்கள். அந்த எண் மாறவில்லை என்றால் உள்ளே உள்ள அத்தனை ஃபைலும் ஒரே கேள்வியில் செல்லுபடியாகிவிடும். மாறியிருந்தால் மட்டும் தனித்தனியாகக் கேட்கலாம். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் விட்டுவிட்டு வரும் சிக்னலில் பயனர் உணரும் வேகம் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் தீர்மானமாகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. கேச்சில் இல்லாத ஃபைலை நீங்கள் திறக்கிறீர்கள், லைன் மெதுவாக இருக்கிறது. கொண்டுவருவதா, இல்லை என்று சொல்வதா? கோடா உங்கள் பொறுமையை ஒரு சூத்திரமாக எழுதியது. ஒரு ஃபைல் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு நேரம் அதற்காகக் காத்திருப்பீர்கள், அதுவும் முன்னுரிமை கூடக்கூட அடுக்குக்குறி வேகத்தில். அடிப்படை 2 விநாடி. அதோடு, முன்னுரிமை எண்ணில் நூறில் ஒரு பங்கை அடுக்காக வைத்து ஈ என்ற கணித மாறிலியை (சுமார் 2.718) உயர்த்திக் கூட்ட வேண்டும். முன்னுரிமை பூஜ்யமான ஃபைலுக்கு 3 விநாடி, 9.6 கிலோபிட்டில் அது வெறும் 3.6 கேபி. முன்னுரிமை 500 என்றால் சுமார் 150 விநாடி, 180 கேபி. உச்சமான 1000-க்கு ஆறு மணி நேரம்! எதிர்பார்க்கும் நேரம் பொறுமைக்குள் இருந்தால் சத்தமில்லாமல் கொண்டுவரும். மீறினால் உடனே பிழையைத் திருப்பி, இது கிடைக்கவில்லை என்று குறித்துவைத்து, பிறகு நீங்கள் பார்த்து முடிவெடுக்கவிடும். சூத்திரத்தின் எண்கள் அவர்கள் ஊகித்துப் போட்டவை, அதில் புனிதம் ஒன்றும் இல்லை. ஆனால் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தை மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் இன்றைய ஆப்களைப் பார்க்கும்போது, "இதற்கு நீ காத்திருக்க மாட்டாய்" என்று சொல்லத் துணிந்த மென்பொருள் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அப்புறம் மோதல். ஃபோல்டர் என்பது பெயர்களின் தொகுப்பு என்று ஃபைல் சிஸ்டத்துக்குத் தெரியும். ஒருவர் ஒரு ஃபைலும் இன்னொருவர் வேறொரு ஃபைலும் சேர்த்திருந்தால் இரண்டையும் தானே சேர்த்துவிடும். ஃபைலுக்குள் இருப்பது என்ன என்று அதற்குத் தெரியாது. அங்கே மோதினால் அந்த ஃபைல் வகைக்கென்று எழுதிய தனி புரோகிராமைக் கூப்பிடும், அதுவும் இல்லாவிட்டால் ஃபைலைப் பூட்டி உங்களையே சரிசெய்யச் சொல்லும். இதை எல்லாம் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். லேப்டாப் கடிகாரத்தை நம்பி, கடைசியாக எழுதியவர் பிரதியே செல்லும் என்று விட்டால் ஒருவரின் வேலை சத்தமில்லாமல் அழியும். ஒவ்வொரு சர்வர் பிரதியும் எந்தெந்த மாற்றங்களைக் கண்டது என்று சொல்லும் பதிப்புத் திசையனைக் கோடா பயன்படுத்தியது. ஆனால் ஒன்றை அது பிடிக்காது: வேறொருவர் இதற்குள் மாற்றிவிட்ட ஹெடர் ஃபைலின் (கோட் சேர்த்துக்கொள்ளும் பொது ஃபைல்) பழைய பிரதியை வைத்து நீங்கள் கம்பைல் செய்திருந்தால், எழுதியதில் மோதல் இல்லாததால் எல்லாம் சரி என்று சேர்த்துவிடும்.

இவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் எல்லோரிடமும் இல்லை? சர்வர் அமைப்பது கஷ்டம். முழு ஃபைலாக இறக்குவதால் பெரிய வீடியோ, டிஸ்க் இமேஜ் போன்றவற்றோடு ஒத்துப்போகாது. லினக்ஸ் கெர்னலில் 1990களின் இறுதியிலேயே இடம் கிடைத்தும் பயனர்கள் பெருகவில்லை. அப்போது கோடாவை நடத்திய பீட்டர் பிராம் அடுத்து லஸ்டர் பக்கம் போனார்; அது சூப்பர்கம்ப்யூட்டர்களின் ஃபைல் சிஸ்டம், நெட்வொர்க் தரத்தில் நேர் எதிர்த் துருவம். பிறகு டிராப்பாக்ஸ் வகையறா வந்து, மவுண்டே வேண்டாம், சாதாரண ஃபோல்டராக இருக்கட்டும், பின்னணியில் ஒத்திசைப்போம் என்றன. வசதியில் அது வென்றது.

அனுப்பும் அளவைக் குறைப்பதில் எம்ஐடியின் எல்பிஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தை மட்டும் குறிப்பிட்டாக வேண்டும். 2001-இல் வந்தது. ஃபைலைத் துண்டுகளாக வெட்டி, மறுமுனையில் இல்லாத துண்டை மட்டும் அனுப்பும். சம அளவில் வெட்டினால், தொடக்கத்தில் ஒரு எழுத்து நுழைத்தாலும் எல்லாத் துண்டும் மாறிவிடும். அவர்கள் 48 பைட் சன்னலை ஃபைல் மேல் நகர்த்தி, அதன் ஹாஷில் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்ணில்) கடைசி 13 பிட் ஒரு குறிப்பிட்ட மதிப்பாக வரும் இடத்தில் வெட்டினார்கள். சராசரித் துண்டு 8 கேபி. வெட்டும் இடத்தை உள்ளடக்கமே தீர்மானிப்பதால் மாறிய துண்டும் அதன் பக்கத்துத் துண்டும்தான் போகும்.

இப்போது உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். என்எஃப்எஸ், அதேபோல எஸ்எஸ்ஹெச் இணைப்பு வழியாக மவுண்ட் செய்யும் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் இரண்டையும் ஹாட்ஸ்பாட் மேல் மவுண்ட் செய்வதை விட்டுவிடுங்கள். நெட்வொர்க் ஃபைல்களின் நகலை லோக்கல் டிஸ்க்கில் வைக்கும் லினக்ஸின் எஃப்எஸ்-கேச்சைப் போட்டால் தீரும் என்று யாராவது சொல்வார்கள். அது வேகத்துக்கு, துண்டித்த நிலைக்கு அல்ல. சோர்ஸ் கோட் என்றால் பதிப்புகளை நிர்வகிக்கும் கிட், வேறு பேச்சே வேண்டாம். மற்ற ஆவணங்களுக்கு, பின்னணியில் ஃபோல்டரை ஒத்திசைக்கும் சிங்க்திங் அல்லது நெக்ஸ்ட்கிளவுட் கிளையண்ட். சிங்க்திங் பதிப்புத் திசையன் வைத்துத்தான் மோதலைக் கண்டுபிடிக்கிறது, மோதினால் ஒரு பிரதியைப் பெயர் மாற்றிப் பக்கத்திலேயே வைக்கிறது. அந்த மோதல் பிரதிகளை வாரம் ஒருமுறை தேடிப் பார்க்க ஒருவரை நியமியுங்கள், இல்லாவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். எல்லாவற்றையும் இறக்க இடமில்லை, மவுண்ட் வேண்டியே தீரும் என்றால் தொலைவிலுள்ள சேமிப்பிடத்தை மவுண்ட் செய்யும் ஆர்குளோனை அதன் முழு கேச் நிலையில் ஓட்டலாம். எழுதியதை லோக்கலில் வைத்துப் பிறகு அனுப்பும், ஆனால் மோதலைக் கவனிக்கும் அறிவு அதற்கு இல்லை. ஒரு ஆள் எழுதும் ஃபோல்டருக்கு மட்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வைஃபையை அணைத்துவிட்டுச் சோதிக்காதீர்கள், அதில் பெரும்பாலும் எல்லாமே தேறிவிடும். மோசமான நெட்வொர்க்கைப் போலியாக உருவாக்கும் வசதி லினக்ஸில் உண்டு: டிசி கமாண்டின் நெட்எம். அதில் 800 மில்லிவிநாடி தாமதமும் 20 சதவீத பாக்கெட் இழப்பும் வைத்துப் பாருங்கள். சேவ் உடனே திரும்புகிறதா, பின்னணியில் ஒரு பெரிய ஃபைல் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு சின்ன ஃபைல் திறக்கிறதா, நடுவில் அறுத்துவிட்டு மறுபடி கொடுத்தால் ஏறிய இடத்திலிருந்து தொடர்கிறதா, அதுவரை மறுமுனையில் பாதி ஃபைல் தெரிகிறதா. இந்த நான்கில் எது தோற்கிறது என்று எழுதினால், எந்த செட்டிங்கைத் தொட வேண்டும் என்று சொல்கிறேன்.